படகில் கேட்ட கேள்வி

ராமநாதபுரத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது திருப்புல்லாணி. அங்குள்ள ஆதிஜெகநாதப் பெருமாள் கோவிலில் தர்ப்பசயன ராமர் சன்னிதி பேர்போனது. தர்ப்பைப் புல்லைப் பரப்பி அதன்மேல் ராமர் படுத்திருக்கிறார். இலங்கைக்கு வழிவிடும்படி கடலரசனை வேண்டிக் கிடந்த கோலம் அது. வால்மீகியின் கணக்குப்படி மூன்று இரவுகள் கிடந்தார், பதில் இல்லை. வில்லை எடுத்தபிறகுதான் கடலரசன் எழுந்து வந்தான். அதே கோவிலில் தசரதன் பிள்ளைவரம் கேட்டான் என்கிறது தலபுராணம். இன்றும் குழந்தையில்லாத தம்பதிகள் சேதுக்கரையில் முழுகிவிட்டு வந்து, நாகப் பிரதிஷ்டை செய்து, பாயசப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

கிறிஸ்தவ மன்றாட்டைப் பற்றிய கட்டுரைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இந்தக் கோவிலுக்கு நாலாபக்கமும் இருப்பவை பழைய கிறிஸ்தவக் கரைகள். பெரியபட்டினத்தை ஒட்டி முத்துப்பேட்டை, கிழக்கே வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம், வடக்கே தொண்டிப் பக்கம் ஓரியூர். இந்த ஊர்களின் மக்கள் கேட்பதில் சளைத்தவர்கள் அல்ல. காத்திருப்பதிலும் சளைத்தவர்கள் அல்ல. பதில் வராதபோது என்ன செய்வது என்பதில்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது ஒன்றாகவும், அவர்களுடைய வேதபுத்தகத்தில் இருப்பது வேறொன்றாகவும் இருக்கிறது. கடவுளைக் கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று இங்கே பிரசங்க மேடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிறது. நான் படித்த அளவில், விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. கேள்வியை மன்றாட்டிலிருந்து முழுவதுமாகப் பிரித்தது பிற்காலத்து வேலை. அதன் தடயங்கள் இந்தக் கரையின் வரலாற்றிலேயே கிடைக்கின்றன.

முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535-37 ஆண்டுகளில் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தார்கள். ஞானஸ்நானம் கிடைத்ததே தவிர, செபம் சொல்லித்தர ஆள் இல்லை. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபின்தான் அந்த வேலை தொடங்கியது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தன் முறையை அவர் விவரிக்கிறார். உள்ளூர்க்காரர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லித்தந்தார். நோயாளி இருக்கும் வீட்டுக்குத் தானே போக முடியாதபோது செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் போய்ச் செபம் சொன்னார்கள், பலர் குணமானார்கள் என்று எழுதுகிறார். இந்தக் கரையில் செபம் என்பது முதல் நாளிலிருந்தே பலனை எதிர்பார்த்துச் சொல்லப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவருக்குப் பின்வந்த அன்றிக்கே அடிகளார் (1520-1600) தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய வேலை. அடுத்த ஆண்டே ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சேறியது. மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய ஞானோபதேச நூலைத் தழுவிய இது வினாவிடை வடிவில் அமைந்தது. தமிழில் அச்சான மிகப் பழைய நூல்களில் ஒன்று கேள்விகளால் நிரம்பியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் கேட்பவர் குரு, பதில் சொல்பவர் சீடர். பதிலும் முன்னமே எழுதிவைக்கப்பட்டது. விசுவாசி கேட்க, மேலிருந்து பதில் வரவேண்டிய கேள்விக்கு அந்த அமைப்பில் இடமில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. புதிதாக வந்த மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது அடிப்படைப் பாடம்தான். ஆனால் அந்தப் பழக்கம் நானூறு ஆண்டுகளாக நீடித்தது. ஞாயிறு மறைக்கல்வியில் படித்த யாரைக் கேட்டாலும், கேள்வி என்றால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தாங்கள் பதில் சொல்லத் தவறிய கேள்விதான்.

அச்சில் இடம் கிடைக்காதது நேர்ச்சையில் வழி கண்டுபிடித்தது.

இந்தக் கரை அதிகம் கூப்பிடும் இரண்டு புனிதர்களும் லிஸ்பனில் பிறந்தவர்கள். பதுவை அந்தோனியார் 1195-ஐ ஒட்டிப் பிறந்து 1231-இல் இறந்தவர். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1647-இல் பிறந்தவர். சிறுவயதில் பிரிட்டோவுக்குக் கடும் நோய் வந்தபோது அவருடைய தாய் சவேரியாரை வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசுசபை அங்கி உடுத்துவது என்பது நேர்ச்சை. பிள்ளை பிழைத்தது, அரண்மனைச் சூழலில் வளர்ந்த சிறுவன் ஓராண்டு அங்கியோடு நடமாடினான். வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திப் பாதயாத்திரை போகும் தாய்மார்களுக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது.

மறவர் சீமையில் பிரிட்டோவின் முடிவும் ஒரு மன்றாட்டிலிருந்துதான் தொடங்கியது. மறவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயில் விழுந்தார். உபதேசியார் ஒருவர் வந்து செபித்தார், தடியத்தேவர் எழுந்துவிட்டார். 1693 ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாளன்று அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஒரே மனைவியோடு வாழவேண்டும் என்ற விதிக்கு இணங்கி மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்து அரசர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். புகார் அரண்மனைக்குப் போனது, பிரிட்டோ பிடிபட்டார். ஓரியூருக்கு அனுப்பப்பட்டு 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதனன்று வெட்டப்பட்டார். முதல்நாள் சிறையில் கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோல் தாளால் தொட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் விடுதலைக்கு மன்றாட்டு இல்லை. வரப்போகும் சாவைப் பற்றிய மகிழ்ச்சிதான் இருக்கிறது. 1686-இல் ஒருமுறை சித்திரவதைப்பட்டு, சேதுபதியாலேயே விடுவிக்கப்பட்டவர் அவர். விடுதலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்தான்.

தனக்காக எதையும் கேட்காத அந்த மனிதரிடம் முந்நூறு ஆண்டுகளாக மக்கள் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஓரியூரின் செம்மண்ணை அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாகச் சொல்லி அள்ளிப்போய் நெற்றியில் பூசுகிறார்கள், நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். மொட்டை போடுகிறார்கள், ஆடு வெட்டிச் சமைத்துப் பரிமாறுகிறார்கள். இந்துக்களும் வருகிறார்கள். இங்குள்ள சடங்குகளை நேரில் ஆராய்ந்த சமயவியல் பேராசிரியர் செல்வா ராஜ், நேர்ச்சைகளைப் படிக்காதவர்களின் மூடப்பழக்கம் என்று ஒதுக்கவில்லை. சாதியும் சமயமும் பிரித்துவைத்த மக்கள் ஒரே இடத்தில் ஒரே மொழியில் தெய்வத்தோடு பேசுகிற முறையாக அவற்றைப் படித்தார்.

நேர்ச்சையைக் கடவுளோடு நடத்தும் வியாபாரம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. பங்குச் சாமியார்களிலேயே பலருக்கு அதில் கூச்சம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘இது நடந்தால் அதைச் செய்கிறேன்’ என்பதில், நடக்காவிட்டால் செய்யமாட்டேன் என்பதும் அடங்கியிருக்கிறது. எல்லா நேர்ச்சையும் நிறைவேற்றப்படுவதில்லை. பிள்ளை பிழைக்கவில்லை, படகு வரவில்லை. அந்த வீட்டார் அந்த ஆண்டு மொட்டை போடப் போவதில்லை. அவர்கள் வேறு மதத்துக்குப் போய்விடவில்லை, பூசைக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. நேர்ந்துகொண்டதை மட்டும் கொடுக்கவில்லை. வாய்விட்டுக் கேட்கத் தடையுள்ள கேள்வியை அவர்கள் அப்படிக் கேட்டுவிடுகிறார்கள். நன்றி சொல்ல வந்தவர்களின் பெயரைக் கோவில் குறித்துக்கொள்கிறது. வராமல் இருந்துவிட்டவர்களுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

இது இந்தக் கரையில் மட்டும் நடப்பதும் அல்ல. அந்தோனியார் பிறந்த போர்ச்சுக்கல்லில் கேட்டது கிடைக்காவிட்டால் அவருடைய சிறு சுரூபத்தைத் தலைகீழாக வைப்பதும், கிணற்றில் இறக்கிவிடுவதும் நாட்டார் வழக்கம். மாப்பிள்ளை கிடைக்காத பெண்கள் அவரை அப்படித் தண்டித்தார்கள். இறையியல் இதைக் கண்டு முகம் சுளிக்கலாம். எதிரே இருப்பவர் காதில் விழும் என்ற நம்பிக்கை இல்லாத எவரும் சுரூபத்தைக் கிணற்றில் இறக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சிசரோ எழுதிவைத்த பழைய கதை ஒன்று கடலோரத்துக்காரர்களுக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். தியாகோரஸ் என்ற நாத்திகர் சமோத்திராக்கே தீவின் கோவிலுக்குப் போகிறார். புயலில் வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள் மாட்டிய படங்களைக் காட்டி, தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்கிறீரே, இவற்றைப் பாரும் என்கிறார் நண்பர். வேண்டிக்கொண்டும் மூழ்கியவர்களின் படங்கள் எங்கே மாட்டப்பட்டிருக்கின்றன என்று திருப்பிக் கேட்கிறார் தியாகோரஸ்.

தனுஷ்கோடியில் அப்படியொரு படம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வந்த புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை எட்டுவதற்குச் சற்று முன்னால் கடலுக்குள் போனது. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயம் இன்று கூரையில்லாமல் நிற்கிறது, பீடம் இருந்த பக்கச் சுவரோடு. சுற்றுலா வருபவர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இரவில் அங்கே செபிக்காமல் யாரும் இருந்திருக்க முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வேளாங்கண்ணியில் நடந்ததும் இதே இனம். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், பேராலயத்திலும் கடற்கரையிலும் யாத்திரிகர்கள் நிறைந்திருந்தார்கள். கரையில் இருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரைச் சுனாமி கொண்டுபோனது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அந்தச் செய்தி புதுமையாகச் சொல்லப்பட்டு வேகமாகப் பரவியது. கோவிலுக்குள் இருந்தவர்கள் நன்றி சொன்னது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் செபம் முடித்துவிட்டு மணலில் கால் நனைக்கப் போனவர்களின் குடும்பங்கள் என்ன சொல்லிச் செபிப்பது? அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது ‘கடவுளின் சித்தம்’ என்ற இரண்டு வார்த்தைதான். ராமநாதபுரக் கரைக்கு அன்று இலங்கைத்தீவு மறைப்பாக இருந்ததால் இங்கே பெரிய அழிவு நேரவில்லை. அதையும் அந்தோனியார் செயல் என்றவர்கள் உண்டு. அழிவு நேர்ந்த முல்லைத்தீவிலும் அந்தோனியாரைக் கும்பிடுபவர்கள் இருந்தார்கள்.

இனி விவிலியத்துக்கு வருவோம். கடலில் இருப்பவனுக்கு அதில் மிக நெருக்கமான பகுதி மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்துக் கடைசி ஏழு வசனங்கள். மாலையில் படகு புறப்படுகிறது. காற்று எழும்பி அலை படகுக்குள் விழுகிறது, படகு நிரம்புகிறது. இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்கள் அவரை எழுப்புகிறார்கள். எழுப்பி, காப்பாற்றும்படி கேட்கவில்லை. தாங்கள் சாகக் கிடக்கிறோம், அவருக்கு அக்கறையே இல்லையா என்று கேட்கிறார்கள். மரியாதைக் குறைவான கேள்வி. அதில் பயம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இயேசு எழுந்து முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார். அதற்குப் பிறகுதான் அவர்களுடைய பயத்தைப் பற்றிப் பேசுகிறார்.

மாற்குதான் நான்கு நற்செய்திகளில் முந்தியது, மத்தேயு அதை வைத்துக்கொண்டு எழுதினார் என்பது பெரும்பாலான விவிலிய அறிஞர்களின் முடிவு. அப்படியானால் மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் இந்தக் காட்சி என்ன ஆனது என்று பார்ப்பது சுவாரசியம். தலையணை காணாமல் போகிறது. ‘போதகரே’ என்று கூப்பிட்டவர்கள் ‘ஆண்டவரே’ என்கிறார்கள். அக்கறை இல்லையா என்ற கேள்வி போய், காப்பாற்றும்படி ஒரு வேண்டுதல் அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. அப்படியே வழிபாட்டில் சொல்லலாம் போன்ற வேண்டுதல். வரிசையும் மாறுகிறது. மத்தேயுவில் இயேசு முதலில் சீடர்களின் விசுவாசக் குறைவைக் கடிந்துகொள்கிறார், பிறகு எழுந்து கடலை அடக்குகிறார். லூக்காவிலும் கேள்வி இல்லை. சாகிறோம் என்ற கூக்குரல் மட்டும் இருக்கிறது.

மத்தேயு வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்லமாட்டேன். சபை கூடிச் செபிப்பதற்கேற்ற வடிவத்தை அவர் தேடியிருக்கலாம். ஆனால் கேள்வி வேண்டுதலாக மாறுவது பிற்காலப் பங்குச் சாமியார்கள் தொடங்கிய காரியம் அல்ல, நற்செய்தி எழுதப்பட்ட தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது. கூடவே இன்னொன்றும் தெரிகிறது. சபை மாற்குவைத் தூக்கி எறியவில்லை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

பழைய ஏற்பாட்டில் மறைக்கவே முடியாத அளவுக்குக் கேள்விகள். 150 திருப்பாடல்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீட்டுப் பாடல்கள். எத்தனை காலம், ஏன் முகத்தை மறைத்தீர், தூங்குகிறீரா என்ற மாதிரிக் கேள்விகள் அவற்றில் மறுபடி மறுபடி வருகின்றன. எரேமியா கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டதாகவே குற்றம் சாட்டுகிறார். அபக்கூக்கு, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காவல் மேடையில் போய் நின்றுகொள்கிறார். யோபு புத்தகத்தின் முடிவைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்: கடவுள் சூறாவளியிலிருந்து பேசினார், யோபு வாயடைத்துப் போனார் என்று. அதற்கு அடுத்த பகுதியில் கடவுள் கோபிப்பது யோபுவின் நண்பர்கள்மேல். கடவுளின் பக்கம் நின்று வாதாடிய அந்த மூவரும் தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் சரியாகப் பேசினார் என்கிறார். துக்க வீட்டில் போய் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்லிவிட்டு வருபவர்கள் இந்த இடத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1971-இல் திருத்தி வெளியிட்ட திருப்புகழ்மாலை என்னும் தினசரிச் செபநூலில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்கள் முழுமையாக விடப்பட்டன. சாபமும் பழிவாங்கும் கோபமும் மிகுந்தவை என்பது காரணம். வேறு சில பாடல்களிலும் அத்தகைய வரிகள் நீக்கப்பட்டன. அவற்றை விட்டதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. வருத்தம் 88-ஆம் திருப்பாடலைப் பற்றியது. முறையீட்டுப் பாடல்கள் வழக்கமாகக் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது திரும்பாது, இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும். திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் இது இருக்கிறது. குருக்களும் துறவிகளும் வாரந்தோறும் தூங்கப்போகும் முன் இதைச் சொல்கிறார்கள். ஞாயிறு பூசையின் பதிலுரைப் பாடல்களில் இது வருவதில்லை. கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு மிகவும் தேவையான பாடலைப் பங்குச் சாமியார் தன் அறையில் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அமெரிக்க விவிலிய அறிஞர் வால்டர் புருக்கமான் 1986-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை அதன்பின் பரவலாகப் பேசப்பட்டது. முறையீடு வழிபாட்டிலிருந்து போய்விட்டால் என்ன நஷ்டம் என்பது அவர் கேள்வி. புகழ்ச்சிக்கு மட்டும் இடமிருந்தால் மனிதர் கடவுளோடு உண்மையாகப் பேசும் தரப்பாக இருக்க முடியாது, ஆமாம் போடுபவராகவே இருக்க முடியும் என்கிறார். இரண்டாவது இன்னும் கூர்மையானது: கோவிலில் கேள்வி கேட்கப் பழகாதவர்களுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் நியாயம் கேட்கும் பழக்கம் வற்றிவிடும். இதில் இரண்டாவது வாதம் இந்தக் கரைக்கு முழுவதும் பொருந்தாது என்று நினைக்கிறேன். ராமேஸ்வரத்து மீனவர்கள் சாலை மறியலுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தயங்குபவர்கள் அல்லர். கோவிலுக்கு வெளியே நன்றாகவே கேட்கிறார்கள். அந்தக் குரல் கோவிலுக்குள் வரும்போதுதான் மாறிவிடுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவம் அழுகைக்கு இடமே கொடுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676-1742) எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஒப்பாரி ராகத்தில் வாசிக்கப்பட்டுவந்தது. வீரமாமுனிவர் மாதாவின் அழுகையை வைத்து அந்தாதி பாடினார். ஆனால் அங்கே அழப்படுவது கிறிஸ்துவின் பாடுகளுக்காக. தன் மகனுக்காக அழுதவள் மாதாவின் அழுகைக்குள் தன் அழுகையைக் கலந்துகொள்ளவேண்டியதுதான், கலந்துகொண்டுதான் இருந்தாள். நேரடியாகச் சொந்தக் குறையைச் சொல்லிக் கடவுளிடம் முறையிட்டவர்களும் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1876-78 பஞ்சத்தின்போது பசியில் செத்துக்கொண்டிருந்த மக்களுக்காகக் கீர்த்தனைகளில் முறையிட்டார். அவர் குரு அல்ல, முன்சீப்பாக வேலை பார்த்தவர். வழக்கைக் கேட்டுப் பழகியவர் வாயிலிருந்து அது வந்தது தற்செயலாக இருக்காது.

சீர்திருத்தச் சபைகளில் நேர்ச்சைக்குப் பதில் ஜெபக்குறிப்பு. கடிதத்திலும் தொலைபேசியிலும் வாட்ஸப்பிலும் வந்து சேரும் குறிப்புகளை வைத்துச் சங்கிலி ஜெபமும் உபவாச ஜெபமும் நடக்கின்றன. பலன் கிடைத்தவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்கிறார்கள். தியாகோரஸின் கேள்வி இங்கேயும் எழுகிறது. கிடைக்காதவர்களுக்குச் சாட்சி நேரம் ஒதுக்கப்படுவதில்லை. விசுவாசம் போதவில்லை, மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது என்ற விளக்கம் சில இடங்களில் அவர்கள்மேல் வந்து விழுகிறது. யோபுவின் நண்பர்கள் சொன்னதும் அதுதானே?

இந்த வரிசையில் விலகி நிற்பவர் டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் (1867-1951). அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது தன் பழுப்புக் கண்கள் நீலமாக வேண்டும் என்று செபித்துப் படுத்து, காலையில் கண்ணாடியில் அதே பழுப்பைப் பார்த்தவர். இல்லை என்பதும் பதில்தான் என்று அன்று தெரிந்துகொண்டதாக அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் பெண்களோடு பெண்ணாக நடமாட அந்தப் பழுப்புக் கண்கள் உதவின என்றும் சொல்வார்கள். அழகான கதை, கொஞ்சம் அதிகமாகவே அழகான கதை. எனக்கு முக்கியமாகப் படுவது பிற்பகுதி. 1931 அக்டோபரில் பள்ளத்தில் விழுந்து காலொடிந்தவர், அதன்பின் சாகும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். குணமாக வேண்டும் என்று டோனாவூர்க் குடும்பம் முழுவதும் செபித்தது, குணமாகவில்லை. 1933-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்று நோயாளி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களால் ஆனது. உடம்பு நன்றாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல்கள் படுத்தவருக்கு உதவாது என்பதைத் தன் படுக்கையிலிருந்து அவர் கண்டுகொண்டார். எதிர்பார்ப்பை விட்டுவிடவும் இல்லை, கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்லவும் இல்லை. சாட்சி மேடையில் இடம் கிடைக்காத அனுபவம் அச்சில் இடம் பெற்றது.

கேள்வி கேட்பதை அகங்காரம் என்று சொல்பவர்கள் கெத்சமனித் தோட்டத்தை மேற்கோள் காட்டுவார்கள்: இயேசுவே கடைசியில் தந்தையின் சித்தத்துக்கு விட்டுவிட்டார் என்று. விட்டுவிட்டார், உண்மை. அதற்கு முன்னால் அந்தக் கிண்ணம் தன்னைவிட்டு அகலவேண்டும் என்று மூன்று முறை போய்க் கேட்டார். மறுநாள் சிலுவையில் 22-ஆம் திருப்பாடலின் முதல் கேள்வியை உரக்கக் கேட்டார்; கடவுள் ஏன் தன்னைக் கைவிட்டார் என்ற கேள்வி. ஒப்புக்கொடுத்தபிறகு கேட்ட கேள்வி அது. ஒப்புக்கொடுத்தவர் கேட்கக்கூடாது என்ற விதி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. புல்லணையில் கிடந்த ராமருக்குக் கடல் வழிவிட்டது. தோட்டத்தில் விழுந்து கிடந்தவருக்குக் கிண்ணம் அகலவில்லை. அண்டை ஊர்க் கதையோடு ஒப்பிடுவது அந்த எல்லைவரைதான் செல்லும்.

கச்சத்தீவு அந்தோனியார் கோவிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தொண்டிப் பக்கத்தைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் கோவில் அது. 285 ஏக்கர் தீவில் குடியிருப்பு இல்லை, குடிதண்ணீர் இல்லை. இரு கரையிலிருந்தும் கடலுக்குப் போகிறவர்களுக்குக் காவலாக அந்தோனியார் மட்டும் இருந்தார். 1974-இல் தீவு இலங்கைக்குப் போனபோது ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இன்றி முன்போல் போய்வரலாம் என்றது. போர்க்காலத்தில் திருவிழா நின்றுபோய்ப் பின்னர் மீண்டது. 2016-இல் இலங்கைக் கடற்படை கட்டிய புதிய கோவில் மந்திரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வேர்க்கோடு பங்கின் ஏற்பாட்டில் ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகும். கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர், மறுநாள் காலைப் பூசை. யாழ்ப்பாண மறைமாவட்டக் குருக்களும் சிவகங்கை மறைமாவட்டக் குருக்களும் சேர்ந்து நடத்துவார்கள். கட்டியது கடற்படை, காவலுக்கு நிற்பது கடற்படை, மற்ற நாட்களில் இந்திய மீனவர்களைப் பிடித்துக்கொண்டு போவதும் அதே கடற்படை. தமிழகப் படகுகளின் இழுவைமடியால் தங்கள் வலையும் வாழ்வும் போகின்றன என்று வடமாகாணத்துத் தமிழ் மீனவர்கள் சொல்லும் நியாயமும் அதே கோவிலுக்குள் வந்து முழங்காலிடுகிறது. அந்தோனியாரின் நிலைமை எளிதானதல்ல.

2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் மீனவர்கள் அந்தத் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். இலங்கை நீதிமன்றம் மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதித்ததற்கு எதிர்ப்பு. குற்றச்சாட்டு அரசுகள்மேல்தான், புனிதர்மேல் அல்ல. அதைப் புரிந்துகொள்ளாமல் பேசக்கூடாது. ஆனாலும் தங்கள் காவலரின் திருநாளுக்குப் போகாமலிருப்பதே தாங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லும் வழி என்று ஒரு கரையே முடிவுசெய்தது, நிறைவேற்றப்படாத நேர்ச்சைகளின் வரிசையில் வந்த ஒன்றாகவே எனக்குப் படுகிறது. அடுத்த ஆண்டு போனார்கள்.

அதே 2024 ஜூன் 14-ஆம் தேதியோடு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயின. அதே மாதத்தில் இந்தக் கரையின் மீனவர்கள் மறுபடி கைதானார்கள். ஜூன் 23, பொதுக்காலத்தின் 12-ஆம் ஞாயிறு. அன்று உலகம் முழுவதும் கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, மாற்குவின் அந்தப் படகு. முதல் வாசகம், யோபுவுக்குக் கடலைப் பற்றிக் கடவுள் சொன்ன பதில். மூன்று ஆண்டுச் சுழற்சியில் இந்த இரண்டும் சேர்ந்து வரும் ஒரே ஞாயிறு அது. அடுத்த முறை 2027-இல் வரும், இதே தடைக்காலம் முடிந்த கையோடு.

வாசகங்களுக்குப் பின் பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், அதன்பின் பொது மன்றாட்டு. பூசைப் புத்தகத்தின் பொது ஒழுங்கு அந்த மன்றாட்டுக்கு நான்கு பொருள்களை வரிசையாகச் சொல்கிறது: திருச்சபை, நாடாள்வோரும் உலகமும், துன்பப்படுவோர், அந்தந்த ஊர்ச் சமூகம். வாசகங்களை யாரும் மாற்ற முடியாது. மன்றாட்டுகளின் வார்த்தைகளைப் பங்குமக்களே எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலும் அச்சிட்ட தாளில் வந்ததை வாசித்துவிட்டுப் போகிறார்கள். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒருவர் அந்த இடத்தில் படகுச் சீடர்கள் கேட்டதைத் தன் ஊர்ப் பேச்சில் எழுதி வாசித்தால், அதற்கு ரோமாபுரியின் அனுமதி எதுவும் தேவையில்லை.